பல்லைக் கடித்துக்கொண்டு

கடைவாய்ப் பல் ஒன்று உடைந்துபோனது. கல்லைக் கடிக்கவில்லை, எங்கும் விழவில்லை. காலையில் வாய் கொப்பளிக்கும்போது நாக்கில் கூராக ஏதோ இடறியது, அவ்வளவுதான். பல் மருத்துவர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா?"

தூங்கும்போது என்ன செய்கிறேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்றேன்.

"உடைஞ்சது ஒண்ணுதான். ஆனா பின்னாடி இருக்கிறது எல்லாமே தேய்ஞ்சிருக்கு. ஒருநாள் ரெண்டுநாள் வேலை இல்லை இது. ஏதாவது கவலையில இருந்தீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் திறந்தபடி சிரிக்க முடியாததால் அது இருமலாக வெளியே வந்தது. அதற்கு ஓராண்டுக்கு முன்பு அம்மா இறந்திருந்தார். அதற்கு முந்தைய 14 மாதங்கள் நுரையீரல் நோயோடு படுக்கையில் இருந்தார். இரவுகளில் உடனிருந்தது நான்தான். அந்த நாட்களை எப்படிச் சமாளித்தாய் என்று யார் கேட்டாலும் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன்: "பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிட்டேன்."

ஒரு பேச்சுக்குச் சொல்வதாகத்தான் நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து நம் வாயில் புழங்கும் தொடர்கள் மேல் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. வயிற்றைக் கலக்குகிறது, நெஞ்சை அடைக்கிறது, கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, ஈரக்குலை நடுங்கிப்போனது, கேட்டதும் உடம்பெல்லாம் புல்லரித்தது. இவற்றை அலங்காரம் என்று வைத்திருந்தேன். பாதிக்கு மேல் நேரடி வர்ணனைதான். வயிற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியலாளர் செரிமானத்தை ஆராய்வதற்காகப் பூனைகளின் இரைப்பையை எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டால் போதும், இரைப்பையின் அசைவு அப்படியே நின்றுவிடும். ஆராய்ச்சிக்கு இடைஞ்சலாக இருந்த இந்த விஷயத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போனவர்தான், ஆபத்து வந்தால் உடல் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது என்று 1915-ல் எழுதினார். செரிமானத்தை நிறுத்து, ரத்தத்தைத் தசைகளுக்குத் திருப்பு, இதயத்தை முடுக்கு. ஒரு வயிற்றுக் கலக்கத்துக்குப் பின்னால் இவ்வளவு நிர்வாகம் நடக்கிறது.

தொல்காப்பியம் எட்டு உணர்ச்சிகளைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அவற்றைப் பேசும் இயலின் பெயர் மெய்ப்பாட்டியல். மெய் என்றால் உடம்பு. உள்ளே எழுவது உடம்பில் புலப்படுவது மெய்ப்பாடு. (மெய் என்றால் உண்மையும்தானே என்று இங்கே ஒரு தத்துவத்தை அவிழ்த்துவிடலாம். அந்த ஆசைக்கு நான் இடம் கொடுக்கப்போவதில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.)

பல்லுக்காக நான் தெரபிக்குப் போகவில்லை. தூக்கத்துக்காகப் போனேன். இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். அம்மாவுக்கு மருந்து கொடுக்கும் நேரம் அது. கொடுப்பதற்கு ஆள் இல்லாத வீட்டில் விழித்து உட்கார்ந்திருப்பேன். சில நாள் நெஞ்சில் பாறாங்கல்லை ஏற்றி வைத்த மாதிரி இருக்கும். முதலில் பொது மருத்துவரிடம்தான் போனேன். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், கோளாறு எதுவும் இல்லை. இந்த வரிசையை யாரும் மாற்ற வேண்டாம். நெஞ்சு வலித்தால் 'எல்லாம் மனசுதான்' என்று நாமே முடிவு கட்டுவது முட்டாள்தனம். அப்புறம்தான் ஒரு தோழியின் நச்சரிப்பில் தெரபிஸ்ட் ஒருவரைப் பார்க்கப் போனேன்.

முதல் ஆறு வாரமும் நான் பிரமாதமாகப் பேசினேன். மருத்துவமனை வராந்தா, ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றிய இரவு, கடைசி வாரத்தில் அம்மா கேட்ட ஒரு வேடிக்கையான கேள்வி. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எங்கே லேசாகச் சிரிக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் நல்ல சொற்பொழிவு ஒன்றை முடித்த திருப்தியோடு வெளியே வருவேன். மூன்று மணி விழிப்பு மட்டும் இம்மி பிசகாமல் வந்துகொண்டிருந்தது.

ஏழாவது வாரம் அவர் நடுவில் நிறுத்தினார்.

"ரொம்பத் தெளிவா சொல்றீங்க. இதுக்கு முன்னாடி எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பீங்க?"

"பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும்."

"இப்ப சொல்லும்போது உடம்புல என்ன நடக்குது?"

"ஒண்ணும் நடக்கலை. வருத்தமா இருக்கு."

"வருத்தம் எங்கே இருக்கு?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. எரிச்சலாகவும் இருந்தது. வருத்தம் எங்கே இருக்கும்? மனதில் இருக்கும். ரத்தம் கொதித்தது, வயிறு எரிந்தது என்று நாள் முழுக்கப் பேசுகிற மொழியில் பிறந்துவிட்டு, நேரடியாகக் கேட்டதும் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன்.

இந்தக் கேள்விக்கு ஒரு முன்கதை உண்டு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். யூஜின் ஜென்ட்லின் என்ற தத்துவவாதி சிகாகோ பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸோடு வேலை செய்தவர். தெரபி உரையாடல்களின் ஒலிப்பதிவுகளை அவரும் உடன் பணியாற்றியவர்களும் போட்டுக் கேட்டார்கள். சிலர் ஏன் தேறுகிறார்கள், சிலர் ஏன் வருடக்கணக்கில் வந்தும் அப்படியே இருக்கிறார்கள் என்பது கேள்வி. வித்தியாசம் தெரபிஸ்ட்டின் திறமையில் கிடைக்கவில்லை. வந்தவர் பேசிய விதத்தில் கிடைத்தது. தேறியவர்கள் தடுமாறிப் பேசினார்கள். "கோபம்னு சொல்ல முடியாது... இல்லை, அது வேற மாதிரி... இங்கே என்னவோ..." என்று நிறுத்தி, உள்ளே தொட்டுப் பார்த்து, சொன்னதைத் திருத்தினார்கள். உடம்பில் தெளிவில்லாமல் படும் அந்த ஏதோ ஒன்றோடு இருக்கப் பழகுவதை ஒரு பயிற்சியாக வகுத்து ஜென்ட்லின் 1978-ல் புத்தகம் எழுதினார்.

ஆறு வாரத்தில் நான் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

"சரி, வருத்தம் இருக்கட்டும்" என்றார் அவர். "உங்க வலது காலைப் பாருங்க."

பார்த்தேன். குதிகால் தரையில் படாமல் மேலே தூக்கி நின்றது. விரல்கள் மட்டும் தரையை அழுத்திக்கொண்டிருந்தன, ஓட்டப் பந்தயத்தில் விசிலுக்குக் காத்திருப்பவரைப் போல. கீழே வைக்கப் போனேன்.

"வைக்க வேண்டாம். அது என்ன செய்யப் பார்க்குதுன்னு மட்டும் கவனிங்க. அவசரமே இல்லை."

கெண்டைக்கால் முறுக்கேறியிருந்தது. அந்த முறுக்கு தொடை வரை வந்தது. ஒரு நிமிடம் போல ஆகியிருக்கும். "எழுந்து போகணும்" என்றேன்.

"எங்கே?"

"எங்கேயாவது. வெளியே."

அதைச் சொன்னதும் தாடை நடுங்க ஆரம்பித்தது. குளிரில் பற்கள் அடித்துக்கொள்வது போன்ற நடுக்கம். நான் எதுவும் செய்யவில்லை, அதுவாக நடந்தது.

14 மாதமும் அம்மாவின் கட்டிலருகே நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தேன், இருமினால் சட்டென்று எழ வசதியாக. அந்த நாற்காலி என் கதையில் உண்டு. பன்னிரண்டு பேருக்கும் தெரியும். கதையில் இல்லாதது, சில இரவுகளில் அந்தக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட வேண்டும் என்று இருந்ததுதான். திரும்பி வரவே கூடாது என்று இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

அழுவதால்தான் வருந்துகிறோம், நடுங்குவதால்தான் அஞ்சுகிறோம் என்று 1884-ல் வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவவாதி ஒரு கட்டுரையில் எழுதினார். உணர்ச்சி முதலில், உடல் பின்னால் என்ற நம் வழக்கமான வரிசையை அவர் தலைகீழாக்கினார். நான் மேலே சொன்ன அதே கேனன் 1927-ல் இதை மறுத்தார்: பயத்திலும் கோபத்திலும் உள்ளுறுப்புகளில் நடப்பது ஏறக்குறைய ஒன்றேதான், பிறகு எப்படி இரண்டையும் பிரித்து உணர்கிறோம் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த அறையில் என் தாடை முந்திக்கொண்டது, எனக்கு விஷயம் பின்னால்தான் புரிந்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

குதிகால் என் ரகசியத்தைப் போட்டு உடைத்தது என்று எழுதவும் தயக்கமாக இருக்கிறது. நான் எப்போதுமே அப்படி உட்காருகிற ஆளாக இருக்கலாம். கேட்டுவிட்டாரே என்று ஒரு பதிலைத் தேடி, உள்ளே கிடந்ததை எடுத்து அந்தக் காலில் மாட்டியிருக்கலாம். அப்படியே இருக்கட்டும். வாய்க்குத் தேய்ந்து பழகிய ஒரு தடம் இருந்தது, ஆறு வாரமும் அதிலேயே போய் வந்தேன். காலுக்கு அந்தத் தடம் தெரியாது.

எனக்கு நேர் எதிரான நிலையில் இருப்பவர்களும் உண்டு. பேச்சே வராதவர்கள். 1996-ல் வெளியான ஒரு மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், மோசமான அனுபவத்தின் பாதிப்பு நீங்காத சிலருக்கு அவர்களுடைய சொந்த அனுபவத்தையே எழுதி வாசித்துக் காட்டினார்கள். பேச்சை உருவாக்கும் ப்ரோகா பகுதியில் செயல்பாடு குறைந்தது. மிகச் சிறிய ஆய்வு அது, அதன் மேல் கோட்டை கட்ட முடியாது. ஆனாலும் 'வாயடைத்துப் போனேன்' என்று நாம் சொல்வதற்குப் பக்கத்தில் வருகிறது. வாயடைத்தவரிடம் போய், மனதில் இருப்பதைக் கொட்டிவிடு, பாரம் குறையும் என்று சொல்வது, கால் உடைந்தவரை நடந்தால் சரியாகிவிடும் என்று அழைப்பது போலத்தான்.

அடுத்த வாரம் ஒரு தவறு நடந்தது. கண்ணை மூடி மூச்சை மட்டும் கவனியுங்கள், மெதுவாக வெளியே விடுங்கள் என்றார் தெரபிஸ்ட். எல்லோரும் முதலில் சொல்லித்தரும் பயிற்சி அதுதான். அதில் விஷயமும் இருக்கிறது: மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், வெளியே விடும்போது சற்றுக் குறையும். வெளிமூச்சை நீட்டினால் மெதுவாகும் நேரமும் நீள்கிறது. இதில் பங்குள்ள, மூளையையும் இதயம், வயிறு போன்ற உள்ளுறுப்புகளையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் சுமார் 80 சதவீதம் உடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. மூளை கேட்டுக்கொண்டிருக்கும் அளவுக்கு உத்தரவு போடுவதில்லை.

எல்லாம் சரி. ஐந்தாவது மூச்சில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டேன்.

இருட்டில் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பதைத்தான் 14 மாதம் செய்திருந்தேன். எண்ணிக்கொண்டும் இருப்பேன். அம்மாவின் மூச்சு. இரண்டு மூச்சுக்கு நடுவே இடைவெளி கூடினால் என் வயிறு இறுகும். எனக்கு மூச்சு ஒரு நடுநிலையான பொருள் இல்லை என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பதற்றக்காரர்களுக்குத் தளர்வுப் பயிற்சி கொடுத்தபோது சிலருக்குப் பயிற்சியின் நடுவிலேயே பதற்றம் ஏறியதை 1983-ல் இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காவலுக்கு நிற்பவரைத் திடீரென்று படுத்துக்கொள்ளச் சொன்னால் அவருக்குப் பயம்தான் வரும்.

அவர் மன்னிப்புக் கேட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. "கண்ணைத் திறந்தே வச்சுக்கலாம். இந்த அறையில பச்சை நிறத்துல என்னென்ன இருக்கு, சொல்லுங்க" என்றார். குழந்தைக்குச் சொல்வது மாதிரி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். ஒரு கோப்பு, செடியின் இலை, பேனா மூடி, அவருடைய கைப்பையின் ஓரம். நான்காவதுக்கு வந்தபோது தோள் இறங்கியிருந்தது.

எனக்குப் பொருந்தியது வேறு ஒரு பழைய முறை. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் 1929-ல் புத்தகமாக வெளியிட்டது: ஒரு தசையை வேண்டுமென்றே சில நொடி இறுக்கி, பிறகு விட்டுவிட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிப்பது. கை, தோள், முகம் என்று ஒவ்வொன்றாக. தளரச் சொன்னால் எனக்குத் தெரியாது. இறுக்கச் சொன்னால் நான் நிபுணர். பல்லை நறுக்கென்று கடித்துவிட்டு விடும்போது, காதுக்குக் கீழே இருக்கும் அந்தத் தசை எவ்வளவு பெரியது என்று முதல்முறையாகத் தெரிந்தது. பல் மருத்துவரும் தன் பங்குக்கு ஒன்று சொல்லியிருந்தார்: சும்மா இருக்கும்போது உதடு சேர்ந்திருக்க வேண்டும், பல் பிரிந்திருக்க வேண்டும். முயன்று பாருங்கள். நாள் முழுக்க மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டியே இருந்தால் நீங்களும் என் கட்சி.

ஆர்வம் தலைக்கேறி, இடையில் ஒரு வார இறுதிப் பட்டறைக்கும் போனேன். அடக்கி வைத்த கோபத்தை உடலிலிருந்து வெளியேற்றுவதாகச் சொன்னார்கள். தலையணையை அடிக்க வேண்டும், கத்த வேண்டும். இருபது பேர் சேர்ந்து கத்தினோம். இரண்டு நாள் குரல் கட்டியதுதான் மிச்சம். இந்தச் சிந்தனையின் வேர் வில்ஹெல்ம் ரைஷ் வரை போகிறது. ஃபிராய்டின் வட்டத்திலிருந்து வந்தவர். பேச்சில் மறைப்பதை மனிதர்கள் தாடையிலும் தோளிலும் மார்பிலும் கவசமாக இறுக்கி வைத்திருக்கிறார்கள் என்று 1930-களிலேயே கவனித்தார். என் தாடையைப் பார்த்தால் அவர் சொன்னதை மறுக்க முடியவில்லை. ஆனால் அதே மனிதர் பிற்பாடு பிரபஞ்ச ஆற்றலைச் சேமிக்கும் பெட்டி என்று ஒன்றைச் செய்து, அமெரிக்க நீதிமன்றத் தடையை மீறியதற்காகச் சிறைக்குப் போய், 1957-ல் சிறையிலேயே இறந்தார். பாதி கூர்மை, பாதி கிறுக்கு. உடல்வழிச் சிகிச்சை என்ற துறைக்கே அந்தக் கலவை ஒட்டிக்கொண்டுவிட்டதோ என்று சில சமயம் தோன்றும்.

தலையணைக்கு வருகிறேன். 2002-ல் பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 600 கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். முதலில் அவர்களைக் கோபப்படுத்தினார். பிறகு சிலரை, கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப் பையைக் குத்தச் சொன்னார். சிலரைச் சும்மா உட்கார வைத்தார். குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. சும்மா இருந்தவர்களுக்குக் குறைவாக இருந்தது. கோபம் பானைக்குள் அடைபட்ட நீராவி, திறந்துவிட்டால் போய்விடும் என்பது நம் எல்லோருக்கும் பிடித்த படம். உடல் பானை இல்லை. அடித்துப் பழகினால் அடிக்கத்தான் பழகும்.

அப்படியானால் எதற்குத்தான் சான்று இருக்கிறது? கையை விரித்துக்காட்டும் அளவுக்கு ஒன்றுமில்லாமலும் இல்லை, கொண்டாடும் அளவுக்கும் இல்லை. 2014-ல் பெஸல் வான் டெர் கோல்க் என்ற மனநல மருத்துவரின் குழு, மோசமான அனுபவத்தின் பாதிப்பு நீங்காத, வேறு சிகிச்சைகள் பலன் தராத 64 பெண்களைப் பத்து வாரம் ஆராய்ந்தது. யோகா செய்த பிரிவில் 52 சதவீதம் பேர் பாதிப்பின் வரையறையைத் தாண்டி வெளியே வந்தார்கள், ஒப்பீட்டுப் பிரிவில் 21 சதவீதம். நல்ல செய்திதான், எண்ணிக்கை சிறியது. கண்ணசைவோடு நினைவுகளைக் கையாளும் இஎம்டிஆர் முறையை உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்தது. ஆனால் அதில் கண்ணசைவின் பங்கு எவ்வளவு என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. மற்றபடி, இடுப்பில் இன்ன துக்கம் தங்கும், முழங்காலில் இன்ன பயம் தங்கும் என்று வரைபடம் போட்டு விற்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. நினைவு தசைக்குள் பொட்டலமாகக் கிடப்பதில்லை. தசையை இறுக்கச் சொல்லும் பழக்கம் நரம்பு மண்டலத்தில் இருக்கிறது. என் பல்லை உடைத்தது துக்கம் இல்லை, ராத்திரி முழுக்க வேலை செய்த தாடைத் தசை.

இப்போது, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்ட அந்த மெய் விஷயம். என் தோழிக்கு (என்னை நச்சரித்தவளேதான்) திடீர் பீதி வரும். இதயம் படபடத்ததும் செத்துப்போகப் போகிறோம் என்று தோன்றும், அந்தப் பயத்தில் படபடப்பு இன்னும் ஏறும். இந்தச் சுழலை 1986-ல் டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் அழகாக விளக்கினார்: உடல் தரும் சாதாரணச் சமிக்ஞையைப் பேராபத்தாகத் தப்பாகப் படிப்பதுதான் பீதியின் எரிபொருள். அவளுடைய தெரபியில் அவளைச் சுழல்நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றினார்கள், மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சுவிடச் சொன்னார்கள், படியில் ஏறி இறங்கச் சொன்னார்கள். தலைசுற்றல், மூச்சுத் திணறல், படபடப்பு எல்லாவற்றையும் வேண்டுமென்றே வரவழைத்து, வந்தாலும் ஒன்றும் ஆகாது என்று உடலுக்கே காட்டுவது. எனக்குச் சொன்னதற்கு நேர் எதிர். என்னை உடம்பைக் கேட்கச் சொன்னார்கள். அவளை, உடம்பு சொல்வதையெல்லாம் நம்பாதே என்றார்கள். இரண்டும் பலித்தன. அதனால்தான் உடல் பொய் சொல்லாது என்று யாராவது ஆரம்பித்தால் நான் மெல்ல நழுவிவிடுவேன். உடல் தாராளமாகத் தப்புச் சொல்லும். இருட்டில் கயிற்றைப் பார்த்துப் பாம்பென்று முதலில் துள்ளுவது அதுதானே.

ஒன்று மறந்துவிட்டேன். இவ்வளவு காலத்தில் என் தெரபிஸ்ட் ஒருமுறைகூட என்னைத் தொட்டதில்லை. உடல்வழிச் சிகிச்சை என்றதும் பலர் அதைத்தான் கேட்கிறார்கள். தொடுகிற முறைகளும் இருக்கின்றன. ஆனால் என்ன, எதற்கு, எங்கே என்று முன்கூட்டியே சொல்லி, வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் விட்டுவிடுபவராக இல்லாவிட்டால், எழுந்து வந்துவிடுங்கள். அப்படிப்பட்ட இடத்தில் குதிகால் மேலே நிற்பதற்குக் காரணம் இருக்கிறது.

இப்போது வாரத்தில் நான்கைந்து நாள் மூன்று மணியைத் தாண்டித் தூங்குகிறேன். ஓடிவிட நினைத்த இரவுகளைப் பற்றி அக்காவிடம் சொன்னேன், திக்கித் திணறித்தான். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் ஓடியே போயிட்டேனே" என்றாள். அவள் வெளியூரில் இருந்தவள். அந்த விஷயத்தை நாங்கள் அதற்கு முன்பு பேசியதே இல்லை.

போன மாதம் பல் மருத்துவரிடம் போனேன். இரவில் போட்டுக்கொள்ள அவர் கொடுத்திருந்த பிளாஸ்டிக் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வலது பக்கம் ஒரு இடத்தில் ஓட்டையே விழுந்திருந்தது.

"இன்னும் கடிக்கிறீங்க" என்றார்.

"ஆமா."

புதிதாக அளவெடுக்க வேண்டும் என்று நாற்காலியைச் சாய்த்தார். விளக்கு கண்ணில் அடித்தது. வாயைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருக்கும்போது, வலது குதிகால் நாற்காலியின் கால்பலகையிலிருந்து எழும்பி நிற்பது தெரிந்தது. கீழே வைக்கலாமா என்று யோசித்தேன். அப்படியே விட்டுவிட்டேன்.

"இன்னும் கொஞ்சம் பெருசா திறங்க" என்றார் மருத்துவர்.